ராஜினாமா கொடுத்தாச்சு, புது வேலைக்கு முன் மூன்று வாரம் ஓய்வு கேட்கலாமா? (ஃபெடரல் கான்ட்ராக்ட், வடக்கு வர்ஜீனியா)

சில்வர்லைன்_பயணி

வணக்கம். ஒரு ஃபெடரல் ஏஜென்சிக்கு வேலை செய்யும் கான்ட்ராக்டர் கம்பெனியில் நான்கு வருடமாக இருக்கிறேன். கவர்மென்ட் வேலை என்றதும் ஊரில் எல்லாரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவான் என்று நினைக்கிறார்கள். ஐந்து மணிக்குப் போவது கவர்மென்ட்காரர். அவர் கிளம்பும்போது தட்டிவிட்ட மெயிலுக்கு ராத்திரி உட்கார்ந்து பதில் போடுவது நாங்கள். டீமில் இரண்டு பேர் விலகி அந்த இடங்கள் இன்னும் காலி. சிஸ்டத்துக்கு ஏடிஓ (அது இயங்க ஏஜென்சி தரும் பாதுகாப்பு அனுமதி) புதுப்பிப்பது, சனிக்கிழமை ரிலீஸ், இரவு ஆன்-கால் எல்லாம் மிச்சம் இருப்பவர்கள் தலையில். எனக்கு பிபி மாத்திரை ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை ராஜினாமா கடிதம் கொடுத்தேன். இரண்டு வார நோட்டீஸ், கடைசி நாள் செப்டம்பர் 11. புதுக் கம்பெனியும் கான்ட்ராக்டர்தான், ஏஜென்சி வேறு. ஆஃபர் லெட்டரில் செப்டம்பர் 14 என்று போட்டிருக்கிறார்கள். இடையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. எனக்கு ஊர் சுற்ற ஆசையில்லை, மூன்று வாரம் தூங்கி எழுந்தால் போதும்.

கையில் 120 மணி நேரம் பிடிஓ (சம்பளத்தோடு லீவு) இருக்கிறது. அதை நோட்டீஸ் காலத்திலேயே எடுக்கலாமா? இல்லை, புதுக் கம்பெனியிடம் தேதியைத் தள்ளச் சொல்லலாமா? கேட்டால் ஆஃபரையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று பயம். இதற்கிடையில் மேனேஜர், செப்டம்பர் 30 வரைக்குமாவது இரு என்கிறார். என்னிடம் இருப்பது கிரீன் கார்டு, பப்ளிக் டிரஸ்ட் (அரசு வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பு). வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் இன்ஷூரன்ஸில் இருக்கிறார்கள்.

சாம்பார்_பிரியன்

நோட்டீஸ் கொடுத்தவனிடம் யாரும் புது வேலை தரப்போவதில்லை தலைவா. வீட்டில் இருந்து வேலை என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படுங்கள். மெசேஜ் வந்தால் ஒரு பதில். டைம்ஷீட்டில் தினமும் எட்டு மணி நேரம். பிடிஓ காசாகக் கைக்கு வரும், ஓய்வும் கிடைத்த மாதிரி ஆச்சு. பிரைவேட்டில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

பழைய_பெல்ட்வே

சாம்பார் தம்பி, பிரைவேட் கிளையன்ட் என்றால் அது ஒழுங்கீனம். இங்கே அது வேறு கதை. கவர்மென்ட் கான்ட்ராக்டில் நீங்கள் டைம்ஷீட்டில் போடும் ஒவ்வொரு மணி நேரமும் அரசுக்கு பில்லாகப் போகிறது. செய்யாத வேலைக்கு மணி நேரம் போட்டால் அது பொய்யான கிளைம். உள்நாட்டுப் போர் சமயத்தில் ராணுவத்துக்கு உருப்படாத சரக்கை விற்ற வியாபாரிகளைப் பிடிக்க 1863இல் கொண்டுவந்த ஃபால்ஸ் கிளைம்ஸ் ஆக்ட் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்டவேண்டி வரும். தினமும் அன்றன்றைக்கே டைம்ஷீட் போடச் சொல்லி ஹெச்ஆர் உயிரை எடுப்பதற்கும் இதைச் சரிபார்க்கும் அரசுத் தணிக்கைதான் காரணம். மாட்டினால் அடுத்த வேலையின் பின்னணி விசாரணையிலும் வரும். தயவுசெய்து இந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில்வர்லைன், உங்கள் மேனேஜர் ஏன் பிடித்து இழுக்கிறார் என்று புரிந்துகொண்டால் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி குறையும். மணிக் கணக்கில் பில் போடும் கான்ட்ராக்ட் என்றால், நீங்கள் சீட்டில் இருக்கும் நேரத்துக்குத்தான் கம்பெனிக்கு வருமானம். நீங்கள் லீவு எடுத்தால் அந்த மணி நேரம் பில் ஆகாது. சீட் காலியானால் இன்னும் மோசம், ஆள் பிடித்து, அவருக்கு ஏஜென்சி அனுமதி வாங்கி உட்கார வைக்க மாதக் கணக்கில் ஆகலாம். அதனால்தான் நோட்டீஸ் காலத்தில் லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி.

ஒன்று கேட்கிறேன். அந்த கான்ட்ராக்டில் உங்கள் பெயர் கீ பெர்சனல் (இன்னார்தான் செய்வார் என்று அரசுக்குப் பெயர் கொடுத்த முக்கிய ஆட்கள்) பட்டியலில் இருக்கிறதா?

மேரிலாந்து_அக்கா

பிடிஓ விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் நண்பர் சொன்னார் என்று முடிவெடுக்காதீர்கள். வர்ஜீனியாவில் மிச்ச லீவுக்குப் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. கம்பெனி ஹேண்ட்புக்கில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எங்கள் மேரிலாந்தில், போகும்போது பணம் கிடையாது என்று வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்லியிருந்தால் ஒழிய கொடுத்தாக வேண்டும். டிசியிலும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கொடுக்கவேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் சேர்ந்த லீவு சம்பளத்துக்குச் சமம். உங்களுக்கு வர்ஜீனியா, ஆகவே ஹேண்ட்புக்கைத் திறங்கள். நோட்டீஸ் காலத்தில் பிடிஓ எடுக்கத் தடை இருக்கிறதா, கடைசி நாள் வேலை பார்த்த நாளாக இருக்கவேண்டுமா, இரண்டு வார நோட்டீஸ் கொடுத்தால்தான் பணமா, மூன்றையும் பாருங்கள்.

அன்லிமிடெட் பிடிஓ என்று பெருமையாகச் சொல்லும் கம்பெனிகளில் போகும்போது கைக்கு ஒன்றும் வராது. சேர்த்துவைத்தது என்று கணக்கே இல்லையே!

சில்வர்லைன்_பயணி

பார்த்தேன் அக்கா. இரண்டு வார நோட்டீஸ் கொடுத்தால் மிச்ச பிடிஓவுக்குப் பணம் உண்டு. நோட்டீஸ் காலத்தில் லீவுக்கு மேனேஜர் சம்மதம் வேண்டும், கடைசி நாள் வேலைக்கு வந்திருக்க வேண்டும்.

பெல்ட்வே அண்ணா, ஆமாம், என் ரெஸ்யூமேயை ப்ரோபோசலில் வைத்தார்கள். கீ பெர்சனல் என்றால் நான் விலகக்கூடாதா?

பழைய_பெல்ட்வே

விலகலாம். கீ பெர்சனல் நிபந்தனை கம்பெனிக்கும் அரசுக்கும் இடையில் உள்ளது. உங்களை மாற்றினால் அரசுத் தரப்பு கான்ட்ராக்டிங் ஆஃபீசருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதே தகுதியில் ஆள் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கும். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் தனியாக எதுவும் எழுதாதவரை அது உங்கள் காலைக் கட்டாது. நோட்டீஸே இங்கே பெரும்பாலும் வழக்கம்தான், சட்டம் இல்லை.

ஆனால் மேனேஜர் செப்டம்பர் 30 என்று சொல்வது சும்மா இல்லை. அன்றோடு அரசின் நிதியாண்டு முடிகிறது. உங்கள் ஆப்ஷன் இயரும் (அரசு வருடம் வருடமாக நீட்டிக்கும் கான்ட்ராக்ட் காலம்) அன்றைக்கே முடிகிறது என்றால், புதுப்பிக்கும் நேரத்தில் கீ ஆள் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவருடைய சங்கடம் நிஜம். அதற்கு நீங்கள் உங்கள் ஓய்வைக் கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. நானாக இருந்தால் நல்ல கைமாற்றுக் குறிப்பு எழுதிக்கொடுத்துவிட்டு 11ஆம் தேதியே கிளம்புவேன். 30 வரை இருந்தால் அந்த இரண்டரை வாரம்தான் வருடத்திலேயே மோசமான இரண்டரை வாரம்.

வேளச்சேரிவாசி

இரண்டு வாரத்துக்கே இவ்வளவு யோசனையா! இங்கே சென்னையில் ஐடி கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் சர்வ சாதாரணம். நானும் ஒரு அரசு ப்ராஜெக்டில்தான் இருந்தேன். நோட்டீஸில் லீவு எடுத்தால் அத்தனை நாள் ரிலீவிங் தேதி தள்ளிப்போகும் என்றார்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புது இடத்தில் உள்ளேயே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லெட்டர், திங்கட்கிழமை காலை ஜாய்னிங். அங்கே ரிலீவிங் லெட்டர் எல்லாம் கேட்பார்களா?

மேரிலாந்து_அக்கா

இங்கே அந்தக் கடிதம் கிடையாது. எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்று சரிபார்ப்பதோடு சரி. அந்தப் பயத்தை ஊரில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் இங்கே நிறைய. நமக்கு லீவு கேட்கவே கூச்சமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எச்1பி_வரிசை

இந்த இழையைப் படிக்கும் எச்-1பி விசா ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில்வர்லைன் கிரீன் கார்டு, அவர் எத்தனை வாரம் வேண்டுமானாலும் தூங்கலாம். நமக்கு வேலை முடிந்த மறுநாளில் இருந்து இங்கே தங்க அதிகபட்சம் 60 நாள், ஐ-94 (தங்கும் கெடு எழுதிய நுழைவுப் பதிவு) அதற்குமுன் முடிந்தால் அதுவரைதான். 2017 ஜனவரியில் வந்த விதி அது. சம்பளம் கொடுத்த கடைசி நாளை வைத்துத்தான் பொதுவாகக் கணக்கிடுவார்கள். புதுக் கம்பெனி விசா பெடிஷனை அதற்குள் போட்டிருக்க வேண்டும். இடையில் நாட்டை விட்டு வெளியே போனால் அந்தச் சலுகைக் காலம் அதோடு போச்சு, திரும்பி வரப் புதுக் கம்பெனியின் ஒப்புதல் கையில் இருக்கவேண்டும். வக்கீலிடம் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

மேரிலாந்து_அக்கா

சில்வர்லைன், யாரும் இன்னும் இன்ஷூரன்ஸைத் தொடவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறீர்கள், அதுதான் உங்கள் தேதியைத் தீர்மானிக்க வேண்டும்.

பழைய கம்பெனியில் கவரேஜ் கடைசி நாளோடு முடிகிறதா, மாதக் கடைசி வரை ஓடுகிறதா என்று கேளுங்கள். மாதக் கடைசி என்றால் செப்டம்பர் 30 வரை கவலையில்லை. அடுத்து, புதுக் கம்பெனியில் முதல் நாளில் இருந்தே கவரேஜா, சேர்ந்ததற்கு அடுத்த மாதம் 1ஆம் தேதியில் இருந்தா? இரண்டாவது வகை என்றால் கணக்கைப் பாருங்கள். செப்டம்பர் 28, திங்கட்கிழமை சேர்ந்தால் அக்டோபர் 1 முதல் கவரேஜ். நீங்கள் நினைக்கும் மூன்று வாரத்தை முடித்துக்கொண்டு அக்டோபர் 5 சேர்ந்தால் நவம்பர் 1 முதல்தான். ஒரு வாரத் தூக்கத்துக்கு ஒரு மாதக் கவரேஜ் போகிறது.

நடுவில் ஓட்டை விழுந்தால் கோப்ரா (விலகிய பிறகும் பழைய கம்பெனி இன்ஷூரன்ஸைத் தொடரும் வழி) இருக்கிறது, இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிக்கு அது பொருந்தும். பிரீமியத்தில் கம்பெனி பங்கையும் சேர்த்து நீங்களே கட்டவேண்டும், நிர்வாகச் செலவோடு 102 சதவீதம் வரை. ஒரு நல்ல அம்சம், முடிவெடுக்கக் குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் யாருக்காவது எலும்பு முறிந்தால் அப்போது எடுத்தாலும் கவரேஜ் விட்ட நாளில் இருந்து கணக்காகும், பின்தேதி பிரீமியத்தைக் கட்டிவிட்டால். பலர் ஒன்றும் கட்டாமல் அந்த 60 நாளை நம்பியே ஒரு மாதத்தை ஓட்டுவார்கள். என் வீட்டில் அப்படிச் செய்ய எனக்குத் துணிவு வராது, ஆனால் வழி இருக்கிறது.

கோபுரம்77

நான் இந்தத் துறையில் ஆள் எடுக்கும் பக்கம் இருக்கிறேன். தேதி தள்ளக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது அபூர்வம். மாதக் கணக்கில் ஆள் தேடிக் கண்டுபிடித்த பிறகு இரண்டு வாரத்துக்காக யாரும் மறுபடி தேட ஆரம்பிக்க மாட்டார்கள். மறுத்தால் "முடியாது, 14தான்" என்பார்கள், அவ்வளவே.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 14 உறுதியான தேதியா? ஆஃபர் லெட்டரை மறுபடி படியுங்கள். ஏஜென்சி அனுமதி வந்தால், கான்ட்ராக்ட் கிடைத்தால் என்று ஏதாவது நிபந்தனை இருக்கும். பப்ளிக் டிரஸ்ட் ஒரு ஏஜென்சியில் இருந்து இன்னொன்றுக்கு அப்படியே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல நேரம் வராது. புது ஏஜென்சி தன் பங்குக்கு ஒரு தடவை பார்த்து, இவர் உள்ளே வரலாம் என்று இ.ஓ.டி (பணியில் நுழையும் அனுமதி) தேதி கொடுக்கும். ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறைக்குக் கீழே உள்ள அமைப்புகளில் இது நன்றாகவே தெரியும். அது வரும்வரை உங்களை பில் போடமுடியாது. பில் போடமுடியாத ஆளுக்கு ஓவர்ஹெட்டில் (கம்பெனியின் சொந்தச் செலவில்) சம்பளம் கொடுக்க நிறைய கம்பெனிகள் தயங்கும், கடைசி நேரத்தில் அவர்களே தேதியைத் தள்ளுவார்கள். நீங்கள் கெஞ்சிக் கேட்கப்போகும் ஓய்வை அவர்களே கையில் திணிக்கலாம், சம்பளம் இல்லாமல், எப்போது முடியும் என்று தெரியாமல்.

ஆகவே முதலில் இ.ஓ.டி வந்துவிட்டதா என்று கேளுங்கள். வந்திருந்தால் உங்கள் தேதியைச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் உங்கள் கை இன்னும் ஓங்கியது.

பழைய_பெல்ட்வே

கோபுரம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 1 தாண்டித் தேதி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பட்ஜெட்டோ தற்காலிகத் தீர்மானமோ நிறைவேறாவிட்டால் அன்றைக்கே ஷட்டவுன், அதாவது பணம் இல்லாமல் அரசுப் பணிகள் முடங்கும். 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள், 2025 அக்டோபர் 1இல் தொடங்கியது 43 நாள். அரசு ஊழியர்களுக்குப் பின்னால் மொத்தச் சம்பளமும் வந்தது. கான்ட்ராக்டர்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஏஜென்சியில் பேட்ஜ் கொடுப்பவரே வீட்டில் உட்கார்ந்திருந்தால் புது ஆளை யார் உள்ளே எடுப்பார்கள்? பழைய கம்பெனியும் இல்லை, புதுக் கம்பெனியும் இல்லை என்று நடுவில் நிற்பீர்கள்.

28ஆம் தேதியே சேர்ந்துவிட்டால் ஷட்டவுன் வந்தாலும் நீங்கள் கம்பெனி ஆள். சம்பளம் நிற்கலாம், ஆனால் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேச ஒரு ஹெச்ஆர் இருக்கும். உள்ளே ட்ரெயினிங் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு.

நடுராத்திரி_டிப்ளாய்

எல்லாரும் கணக்குப் போட்டே மனிதரை மறந்துவிட்டீர்கள். பிபி மாத்திரை போடுகிறேன் என்கிறார். இப்படி எரிந்துபோன ஆளுக்கு முதல் வாரம் போன் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப்போடும். இரண்டாவது வாரம்தான் தூக்கம் வரும். மூன்றாவது வாரம்தான் ஓய்வு. நான் அக்டோபர் 5 கட்சி. சேமிப்பு இருக்கிறது, கோப்ரா இருக்கிறது, ஷட்டவுன் வந்தால் இன்னும் ஒரு மாதம் தூங்குங்கள்.

மேரிலாந்து_அக்கா

உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா டிப்ளாய்? :)

நடுராத்திரி_டிப்ளாய்

இல்லை அக்கா. சரி, வாதத்தில் ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது வாரம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன்.

சில்வர்லைன்_பயணி

பழைய கம்பெனியில் கவரேஜ் மாதக் கடைசி வரை. புதுக் கம்பெனியில் அடுத்த மாதம் 1 முதல். அக்கா போட்ட கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆக, 28. தேதியைத் தள்ளக் கேட்கும் மெயிலை இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?

"மதிப்பிற்குரிய மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கவும். கடந்த ஒரு வருடமாக என் தற்போதைய ப்ராஜெக்டில் வேலைப்பளு மிக அதிகம், உடல்நிலையும் பாதிக்கப்பட்டுள்ளது. தங்களுக்குச் சிரமம் இல்லை என்றால், முடியுமானால், வேலையில் சேரும் தேதியை ஓரிரு வாரங்கள் தள்ளிவைக்க வாய்ப்பு உண்டா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, 14ஆம் தேதியே வந்துவிடுகிறேன்."

கோபுரம்77

தம்பி, இது லீவு லெட்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்" என்று எழுதிய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

உடல்நிலையை எடுத்துவிடுங்கள், அது அவர்களுக்குத் தெரியவேண்டிய விஷயம் இல்லை. பழைய கம்பெனியைப் பற்றிய புகாரும் வேண்டாம். இந்த வட்டாரம் சின்னது, அடுத்த ஏலத்தில் இரண்டு கம்பெனியும் கூட்டாளிகளாக நிற்கலாம். கடைசி வரி ரொம்ப ஆபத்து, நீங்களே 14க்குச் சம்மதம் கொடுத்துவிட்டு எதற்கு மெயில்? ஓரிரு வாரம் என்று விட்டால் அவர்கள் 21 என்பார்கள். தேதியைச் சொல்லுங்கள். இவ்வளவு போதும்:

"ஆஃபருக்கு நன்றி, டீமில் சேர ஆவலாக இருக்கிறேன். இங்கே கைமாற்று வேலைகளையும் சில சொந்த வேலைகளையும் முடித்துக்கொண்டு செப்டம்பர் 28, திங்கட்கிழமை சேர விரும்புகிறேன். அந்தத் தேதி உங்களுக்கும் ஏஜென்சி அனுமதிக்கும் ஒத்துவருகிறதா என்று உறுதிப்படுத்தவும். திருத்திய ஆஃபர் லெட்டரை அனுப்பினால் கையெழுத்திட்டு அனுப்புகிறேன்."

முதலில் போன் பண்ணிப் பேசிவிட்டு, பேசியதை இப்படி மெயிலில் போடுங்கள். வாயால் சரி என்றதை எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள்.

சாம்பார்_பிரியன்

பழைய மேனேஜரிடம் என்ன சொல்வது? அவர் விடாக்கண்டர் மாதிரி தெரிகிறதே.

பழைய_பெல்ட்வே

"11ஆம் தேதிக்கு மேல் என்னால் முடியாது, அதற்குள் எதை முதலில் கைமாற்ற வேண்டும் சொல்லுங்கள்." காரணம் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு தீர்வு இருக்கும். புது வேலை எப்போது ஆரம்பம் என்று கேட்டால் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. தெரிந்தால் "அப்போ இடையில் இரண்டு வாரம் சும்மாதானே இருக்கிறாய்" என்று ஆரம்பிப்பார்.

11ஆம் தேதி பிஐவி கார்டு (அரசு அடையாள அட்டை), லேப்டாப், ஏஜென்சி கொடுத்த போன் எல்லாவற்றையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், ஒன்றும் வீட்டில் இருக்கக்கூடாது. ஏஜென்சி லேப்டாப் இருக்கும்வரை கேள்விகளும் வந்துகொண்டே இருக்கும்.

சில்வர்லைன்_பயணி

இன்று புதுக் கம்பெனியில் பேசினேன். இ.ஓ.டி இன்னும் வரவில்லையாம்! 14 என்பது உத்தேசமாகப் போட்டது, ஏஜென்சியிடம் இருந்து 21ஆம் தேதி வாரத்தில் எதிர்பார்க்கிறோம், 28 எங்களுக்கும் வசதிதான் என்றார் அந்த அம்மா. நான் கேட்காமல் இருந்திருந்தால் 13ஆம் தேதி ராத்திரி போன் வந்திருக்கும் போல. ஒருவேளை அனுமதி தாமதமானாலும் 28 முதல் கம்பெனி ஓரியன்டேஷனில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதையும் லெட்டரில் போடச் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. பிடிஓ பணம் அடுத்த சம்பளத் தேதியில் வரும் என்றார்கள்.

மேரிலாந்து_அக்கா

நல்லது. அந்தப் பணத்தில் ஃபெடரல் வரி பெரும்பாலும் 22 சதவீதம் தட்டையாகப் பிடிப்பார்கள், அதற்கு மேல் மாநில வரி, மற்ற பிடித்தங்கள். கையில் வரும் தொகையைப் பார்த்து அதிர்ச்சி ஆகவேண்டாம்.

மாடத்துக்கிளி

பழைய இழைக்குள் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் சிட்டிசன், செக்ரட் கிளியரன்ஸ் (ரகசியத் தகவலைப் பார்க்க அரசு தரும் அனுமதி). இதே மாதிரி இரண்டு வேலைகளுக்கு நடுவில் மூன்று வாரம் திருச்சி போய்வரப் பார்க்கிறேன். கிளியரன்ஸ் போய்விடுமா?

பழைய_பெல்ட்வே

மூன்று வாரத்தில் போகாது. பொதுவாக 24 மாதத்துக்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொண்டால், பழைய விசாரணை காலாவதி ஆகாதவரை, முதலில் இருந்து தொடங்கமாட்டார்கள். ஆனால் 2017 விதிப்படி கிளியரன்ஸ் உள்ளவர்கள் சொந்த வெளிநாட்டுப் பயணத்தைப் போகும் முன்பே ரிப்போர்ட் செய்யவேண்டும். பழைய கம்பெனி விடுவித்துவிட்டது, இப்போது யாரிடம் சொல்வது என்று குழம்பாமல் புதுக் கம்பெனியின் செக்யூரிட்டி ஆஃபீசருக்குப் பயணத் தேதிகளையும் தங்கும் இடத்தையும் டிக்கெட் போடும்போதே மெயிலில் அனுப்பிவிடுங்கள். திருச்சியில் யார் யாரைப் பார்த்தீர்கள் என்று வந்த பிறகு படிவம் நிரப்பச் சொல்லலாம். கல்யாண வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.